பட்டிப் பொங்கலின் கடன்

தைத்திருநாளுக்கு நாம் வழமையாகக் கூறும் விளக்கம் ஒன்று உண்டு. அறுவடை முடிந்தது, நெல் வீடு வந்தது, புத்தரிசி பானையில் பொங்குகிறது, கதிரவனுக்கு நன்றி செலுத்துகிறோம் என்பது அது. பாடநூலும் வானொலியும் ஆண்டுதோறும் இதனையே ஓதுகின்றன. மட்டக்களப்பின் வடபால், கோறளைப்பற்றுத் தெற்கின் தலையூராகிய கிரானில் இவ்விளக்கம் அரைகுறையாகவே பொருந்தும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விதைத்த பெரும்போக வேளாண்மை, தை பிறக்கும் வேளையில் பெரும்பாலும் வயலிலேதான் நிற்கிறது. கதிர் பால் பிடித்து, முற்றி, தலை சாய்க்கத் தொடங்கும் பருவம் அது. அரிவாள் வைக்க மாசியாகும். சில வட்டைகளில் பங்குனியும் ஆகிவிடும். புது நெல்லை முதன்முதல் எடுத்து உண்ணும் புதிர்ச் சடங்குக்கு வேறு நாள் உண்டு. ஆகவே தை முதல் நாளில் கிரான் முற்றங்களில் வேகும் அரிசி பல வீடுகளில் முந்திய போகத்து அரிசியே. அந்தப் பானையில் அன்றைய விளைவு என்று சொல்லத்தக்கது விடியலில் கறந்த பால் ஒன்றே.

சடங்கின் ஒழுங்கை உற்று நோக்குவோர்க்கும் இது புலப்படும். முற்றத்தைச் சாணமிட்டு மெழுகிக் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, மூன்று கல் கூட்டிய அடுப்பில் இஞ்சிக் கொத்தும் மஞ்சட் கொத்தும் கட்டிய புதுப்பானையை ஏற்றுகின்றனர். முதலில் விடப்படுவது பால். அது நுரைத்தெழுந்து விளிம்பைக் கடந்து வழியும் கணத்தில் பெண்கள் குரவையிடுகின்றனர். பிள்ளைகள் வெடி கொளுத்துகின்றனர். பால் எத்திசையில் வழிந்தது என்று மூத்தோர் பார்த்து ஆண்டின் பலனை உரைக்கின்றனர். அரிசி இடப்படுவது அதன் பின்னரே. பொங்குதல் என்னும் மங்கல நிகழ்ச்சி, அரிசி பானைக்குள் விழுமுன்னரே நடந்தேறிவிடுகிறது. உழவனின் திருநாள் என்று நாம் பெயரிட்டுக்கொண்ட நாளின் உச்சக் கணம் ஆயனின் கைப்பொருளால் ஆனது. இதனை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் பட்டிப் பொங்கல். நகரத்தார்க்கு இது ஓர் எளிய நாள். வீட்டில் நிற்கும் ஒன்றிரண்டு பசுக்களைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலையிட்டு, பொங்கலில் ஒரு பிடி ஊட்டினால் கடமை முடிந்தது. மாடே இல்லாதோர் மாட்டின் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கின்றனர். கிரான் பட்டிக்காரர்க்கு அந்நாள் அவ்வளவு எளிதன்று. பட்டி அன்று ஊரில் இல்லை.

ஏன் இல்லை என்பதிலேதான் இத்திருநாளின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெரும்போகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்புகளும் அரச அதிகாரிகளும் கூடிப் பருவகால ஆரம்பக் கூட்டம் நடத்துவர். எந்நாளில் விதைப்பது, எந்நாளில் குளத்து நீர் திறப்பது என்பனவற்றோடு, வயல்வெளிகளிலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய இறுதி நாளும் அங்கே குறிக்கப்படுகிறது. அந்நாள் வந்ததும் பட்டிகள் மேற்கு நோக்கி நகர்கின்றன. புலிபாய்ந்தகல்லைத் தாண்டி, குடும்பிமலையின் காடுகளைத் தாண்டி, மாவட்ட எல்லையில் விரிந்து கிடக்கும் மயிலத்தமடு, மாதவனை ஆகிய மேய்ச்சல் தரைகளை அடைகின்றன. அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் எஞ்சிய பின்னர் அவை திரும்பி வருகின்றன. தாளை மேய்ந்து நிலத்துக்கு எருவைத் தருகின்றன. இவ்வாறு ஆண்டுதோறும் நடக்கும் போக்குவரவு எவ்வளவு பழையது என்று கூற எழுத்துச் சான்று தேவையில்லை. நெல்லும் மாடும் ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் வாழ இயலா. இரண்டும் இன்றி மட்டக்களப்பார் வாழ்ந்ததுமில்லை.

ஆதலால் பட்டிப் பொங்கலுக்குப் பட்டிக்காரர் பானையோடு பட்டியைத் தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. அந்நாட்களில் அதுவும் எளிய பயணமன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திராத காலம். கிரான் பாலத்தின் மேலாக வெள்ளம் பாய்ந்து மேற்குக் கிராமங்கள் துண்டிக்கப்படுவது மாரிதோறும் நிகழ்வது; அப்போது தோணியும் உழவு இயந்திரமுமே துணை. 2011 சனவரியில் கிழக்கிலங்கையை மூழ்கடித்த பெருவெள்ளத்தில், பொங்கல் நாளைப் பாடசாலைகளிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் கழித்த குடும்பங்கள் பல. வெள்ளம் விட்ட ஆண்டுகளில், காட்டுக் கம்புகளால் அடைத்த மாட்டுக் காலையின் வாயிலில் கல்மூட்டி, அப்பட்டியின் பாலையே காய்ச்சி, அதிலேயே பொங்கலிட்டு, திருநீறும் சந்தனமும் மாட்டின் நெற்றியில் அணிவித்து, முதற்பிடியை அதற்கு ஊட்டிவிட்டு மனிதர் உண்பர். சுற்றிலும் காடு. குருக்கள் இல்லை; மணி இல்லை; ஒலிபெருக்கி இல்லை. எம் கருத்தில், தைத்திருநாள் தன் பழைய வடிவில் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின் அது இக்காலைகளிலேதான்.

மட்டக்களப்பில் மாடு வெறும் உடைமையாக இருந்ததில்லை. மாட்டுக்கு இடும் சூட்டுக்குறி அதன் உரியவர் எக்குடியினர் என்பதைக் காட்டும். தாய்வழிக் குடிமுறையில் வாழ்ந்த சமூகத்தில் வயலோடு மாடும் பெண்ணின் சீதனமாகச் சென்றது. ஒரு போடியாரின் மதிப்பை நெல்லின் அளவோடு பட்டியின் அளவும் தீர்மானித்தது. தெய்வங்களுக்குள்ளும் மாட்டுக்கு உரியது ஒன்று உண்டு. வதனமார் என்று வழங்கும் காவல் தெய்வத்துக்கு எடுக்கும் சடங்கில், குழுமாட்டைக் கயிறெறிந்து பிடிக்கும் பாவனை நடித்துக் காட்டப்படுகிறது. கோராவெளிக் கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்குக்குத் திரளும் கூட்டம் வதனமாருக்குத் திரள்வதில்லை. பத்திரிகைகளும் அதனைப் பெரிதாக எழுதுவதில்லை. ஆயினும் முல்லை நிலத்து ஆயர் வழிபாடு நூலோர் வகுத்த திணை இலக்கணத்தில் மட்டும் உறைந்துவிடாது, ஈழத்தின் கீழைக் காட்டோரத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு வதனமார் சடங்கே சாட்சி.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம்.

வயல் விளையவேண்டும் என்பதற்காக மாட்டை வெளியே போ என்கிறோம். அவ்வாறு சொல்லும் உரிமை வயலுக்கு எங்கிருந்து வந்தது? மாடு சென்று தங்க ஓர் இடம் இருந்தமையால் வந்தது. அவ்விடம் 2020ஆம் ஆண்டு முதல் கைநழுவத் தொடங்கியது. சோளச் செய்கையின் பெயரால் அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் காடு வெட்டிப் பயிரிட்டனர், குடில் அமைத்தனர். மேய்ச்சல் தரை சோளக் கொல்லையானதும், அங்கே காலாகாலமாக மேய்ந்த மாடு பயிரழிக்கும் மாடாகிவிட்டது. மாடுகள் சுடப்படுவதாகவும் வெட்டப்படுவதாகவும், பாலெடுக்கச் செல்லும் பண்ணையாளர் தாக்கப்படுவதாகவும் முறைப்பாடுகள் தொடர்ந்தன. 2023 செப்டெம்பரில் பாற்பண்ணையாளர் சித்தாண்டியில் பிரதான வீதியோரம் கொட்டகை அமைத்துத் தொடர் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். அது ஓராண்டையும் கடந்து நீடித்தது. அதற்குள் சனாதிபதி மாறினார். 2024இல் பாராளுமன்றமும் மாறியது. கொட்டகைக்கு வந்து போன அரசியல்வாதிகளும் மாறினர். தொடக்கத்திலிருந்து மாறாது நின்ற கோரிக்கை ஒன்றே: அத்துமீறிய குடியிருப்புகளை அகற்றி, அந்நிலத்தை மேய்ச்சல் தரையென வர்த்தமானியில் அறிவியுங்கள்.

தமிழ்ப் புறத்திணை மரபு போரை ஆநிரையில் தொடங்கி வைக்கிறது. தொல்காப்பியர் புறத்திணையியலில் முதலில் வைத்தது ஆநிரை கவரும் வெட்சி. ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களில் ஒன்று ஆநிரைப் பூசலில் மாண்டவனைக் குறிப்பது. சித்தாண்டியில் அமர்ந்தோர் வில்லேந்தவில்லை. மாட்டைக் கறந்துவிட்டு வந்து, வெயிலில் அமர்ந்து, மாலையில் மீண்டும் மாட்டிடம் சென்றனர். ஆநிரை மீட்கும் போராகிய கரந்தையில் இத்தகையதற்கு எவ்விலக்கணத்திலும் துறை வகுக்கப்படவில்லை.

நிலம் எவ்வாறு கைநழுவிற்று என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்பது நன்று. 2020இல் நிகழ்ந்ததைத் தனியே ஓர் ஆளுநரின் அல்லது ஒரு கட்சியின் தீமையாகக் காண்போர் உண்மையின் மேற்புறத்தையே காண்கின்றனர். 1840இல் பிரித்தானியர் இயற்றிய முடிக்காணிச் சட்டம், பயிரிடப்படாத காடும் வெளியும் உறுதியற்ற நிலமும் அரசின் உடைமை என்று கொண்டது. வயலுக்கு உறுதி எழுதலாம், தோட்டத்துக்கு எழுதலாம். பட்டிகள் பருவத்துக்குப் பருவம் வந்து போகும் பொதுவெளிக்கு உறுதி எழுதி வைத்தவர் யார்? எவரும் உழாமையே அந்நிலத்தின் பயன். எவரும் உழவில்லை என்பதே பின்னர் அதற்கு எதிரான சாட்சியமாயிற்று. சுதந்திரத்தின் பின்னர் முடி போய் அரசு வந்தது. சட்டத்தின் கண் மாறவில்லை. 1979இல் மகாவலி அதிகார சபை அமைந்தது. 1983இல் மாதுறு ஓயா நீர்த்தேக்கம் நிறைவுற்றது. மகாவலி வலயத்தின் எல்லைக்கோடு மேற்கு மேய்ச்சல் தரைகளின் மேலாக இழுக்கப்பட்டது. மாவட்டச் செயலகத்தின் வாயிலில் நின்று கேட்டால் அது மகாவலிக் காணி என்பர். மகாவலியாரைக் கேட்டால் கோவையைக் காட்டுவர். மாடோ கோவையை மேய்வதில்லை.

இதனிடையே அரச அலுவலகங்கள் தோறும் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழா தவறாது நடைபெறுகிறது. வேட்டி உடுத்த அதிகாரிகள் கோலத்தின் நடுவே பானை வைத்துப் பால் பொங்குவதைக் கண்டு கைதட்டுகின்றனர். அப்பால் எந்தப் பட்டியிலிருந்து வந்தது, அப்பட்டி இப்போது எங்கே நிற்கிறது என்று அக்கூட்டத்தில் எவரேனும் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பெரும்பாலும் அது கடையில் வாங்கிய பொதிப்பால் என்பதனால் கேள்விக்கு இடமில்லாமலும் போயிருக்கலாம்.

பசு நீதி கேட்டால் அரசு செவிசாய்க்கவேண்டும் என்னும் கருத்து இத்தீவுக்குப் புதியதன்று. தமிழர் மட்டும் உரிமை கொண்டாடத்தக்கதும் அன்று. அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட சோழனாகிய எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணி கட்டி, முறைவேண்டுவோர் இழுக்கக் கயிறு தொங்கவிட்டிருந்தான் என்றும், தன் ஒரே மைந்தனின் தேர்ச்சில்லில் கன்று மாண்டபோது தாய்ப்பசு வந்து அம்மணியை இழுத்தது என்றும், அரசன் அதே சில்லால் மைந்தனின் தலையைத் துணித்தான் என்றும் எழுதி வைத்தது மகாவம்சம். பௌத்த பிக்கு ஒருவர் பாளியில் இயற்றிய நூல் அது; எல்லாளன் அந்நூலுக்குப் பகைவன். இருந்தும் அவன் பகைவரிடத்தும் நண்பரிடத்தும் ஒப்ப நீதி செலுத்தினான் என்று அதற்குச் சொல்லவேண்டியிருந்தது. அதே கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் திருவாரூரின் மனுவேந்தன் மேல் வைத்துப் பாடினார். இரு மொழியினரும் தத்தம் பெருநூலில் பேணி வைத்த கதை இது ஒன்றாயினும், இந்நாட்டின் காணிக் கச்சேரி அதனைக் கற்றதாகத் தெரியவில்லை.

சோளம் விதைக்க வந்தவனையும் நாம் பகைவனாகக் காட்ட விரும்பவில்லை. காணியற்ற உழவன் காணி கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறான். அவனுக்கும் பால் பொங்குதல் மங்கலம். சித்திரைப் புத்தாண்டில் சிங்கள இல்லங்களில் சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டி முதலில் காய்ச்சுவது பால்; அது வழிந்தால் ஆண்டு நிறையும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்நாளில் உண்பது பாற்சோறு. புது விளைச்சலின் அரிசியை அனுராதபுரத்து மாபோதிக்குப் படைக்கும் விழாவும் அவர்களிடம் உண்டு. பால் பொங்கி வழிவதை நல்வாழ்வின் குறியாகக் கொண்ட இரு மக்களை, பால் சுரக்கும் விலங்கின் நிலத்தில் மோதவிட்டது யார் என்ற வினாவுக்கு விடை குடில்களுக்குள் இல்லை. காணி கோரியவனுக்கு மாற்றிடம் தரும் கடமை அவனை அங்கே வரவிட்ட அரசினுடையது. மாட்டை விரட்டி அவனை அமர்த்துவதால் அக்கடமை நிறைவேறியதாகாது.

பொருளியல் நோக்கிலும் இதனைக் காணலாம். 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றியபோது, இந்நாட்டுத் தாய்மார் பால்மாப் பொதிக்காகக் கடைவாயில்களில் வரிசையில் நின்றனர். நியூசிலாந்திலிருந்து பால்மா வராவிடில் பிள்ளைக்குத் தேநீரும் இல்லை என்ற நிலை. அதே ஆண்டுகளில் கிரானின் மேற்கெல்லையில் கறவைப் பட்டிகள் மேய்ச்சலிழந்து அலைந்தன. எருமைத் தயிருக்குப் பெயர் போன மாவட்டம் இது. புல்லும் நீரும் இருக்கும் நிலத்தைப் பறித்துவிட்டு, பாலுற்பத்தியில் தன்னிறைவு என்று மேடையில் முழங்குவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர். ஒரு கிழமைக்குள் அவசரச் சட்டம் பிறந்தது. அப்போது யாழ்ப்பாணத்திலும் ஆதரவுக் குரல் எழுந்தது. புலம்பெயர் நகரங்களிலும் பதாகைகள் விரிந்தன. மாடு தமிழரின் அடையாளம் என்று எங்கணும் பேசப்பட்டது. சித்தாண்டிக் கொட்டகையின் நாட்கள் நூறு நூறாகக் கடந்தபோது அவ்வடையாளப் பற்று எங்கே போயிற்று? வாடிவாசலில் பாயும் காளைக்கு ஒளிப்படக் கருவிகள் சூழ்கின்றன. காட்டோரத்தில் கன்றை இழந்து நிற்கும் பசுவுக்குச் சூழ்வோர் இலர். அன்றியும், மேய்ச்சல் தரையை விழுங்கியோர் அனைவரும் வெளியிலிருந்து வந்தோர் அல்லர். ஊரண்டிய மேய்ச்சல் வெளிகளைச் சிறிது சிறிதாக வரம்பு கட்டி வயலாக்கியதில் நம்மவர்க்கும் பங்குண்டு. அண்டையில் இருந்த தரைகள் சுருங்கச் சுருங்கவே பட்டிகள் மேற்கே மேலும் தொலைவு நடந்தன. தொலைவில் இருந்ததனாலேயே அவற்றின் நிலத்தைப் பறிப்பது எளிதாயிற்று. தன் வட்டையில் மாடு புகுந்தால் கட்டி வைத்துத் தண்டம் கேட்கும் கமக்காரன், அம்மாட்டின் தரைக்காக ஒரு நாளேனும் கொட்டகையில் அமர்ந்தானா என்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

கோயில்களுக்கும் இதில் கடமை உண்டு. பாலாபிடேகத்துக்குக் குடங்குடமாகப் பால் எதிர்பார்க்கும் ஆலயங்கள் கிழக்கில் எத்தனையோ. தைப்பூசத்துக்கும் ஆடி வேலுக்கும் பாற்குடம் எடுக்கும் அடியார்களும் எத்தனையோ. பசுவுக்கு ஒரு வாயுறை தருவதையும் திருமூலர் வழிபாட்டின் வரிசையில் வைத்தார். அப்பெருமானின் பெயரால் சொற்பொழிவு நிகழ்த்தும் ஆலய பரிபாலன சபைகள், பட்டிப் பொங்கல் நாளில் தம் அடியார்களை அழைத்துக்கொண்டு பண்ணையாளருடன் நின்றிருந்தால், அது சமயக் கடமையினின்று விலகியதாகாது.

இனிச் செய்யத்தக்கது யாது? மேய்ச்சல் தரையின் எல்லையை அளந்து நிறுத்துவது முதல் வேலை. அதனைக் கொழும்பில் விரித்த வரைபடத்தின் மேல் செய்யக்கூடாது. எந்த மடுவில் கோடையிலும் நீர் நிற்கும், எந்த மேட்டில் வெள்ளத்தின்போது பட்டி ஒதுங்கும், எவ்வழியே மாடு நடக்கும் என்பனவெல்லாம் பட்டிக்காரர் அறிவர். நில அளவையாளர் அவரோடு நடந்து அளக்கவேண்டும். வழியும் தரையோடு சேர்த்து அளக்கப்படவேண்டும். தரை இருந்து நடைவழி அடைபட்டால் பயனில்லை. மகாவலி அதிகார சபை அந்நிலத்தின் மேல் கொண்டுள்ள உரித்தை மேய்ச்சலுக்கென விடுவிக்கவேண்டும். கொல்லப்பட்ட மாடுகளுக்கு இழப்பீடும், முறைப்பாடுகளின் மேல் விசாரணையும் வேண்டும். இவை யாவும் புதிய கோரிக்கைகள் அல்ல. பண்ணையாளர் பன்முறை எழுதிக் கொடுத்தவற்றின் சாரமே.

நாம் சேர்த்துக் கூற விரும்புவது ஒன்று. அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் வழமைபோல் கூடும். வழமைபோல் மாடுகளை அகற்றும் நாள் குறிக்கப்படும். அந்நாளைக் குறிக்கும் அதே தாளில், அவை சென்று சேரவேண்டிய தரையின் பெயரும் எல்லையும் வர்த்தமானி எண்ணும் குறிக்கப்படவேண்டும். குறிக்க இயலாதெனின், மாட்டை வெளியேறச் சொல்லும் அதிகாரமும் அக்கூட்டத்துக்கு இல்லை. கமக்காரரும் அதிகாரிகளும் அக்கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, முதலில் காணியை விடுவிக்கக் கச்சேரிக்குச் செல்லட்டும்.